பாதிக்கு மேல திருப்பாதீங்க

இல்ல சார், டப்புன்னு வெடிச்சது இது இல்ல, இதுக்கு முந்தின ஸ்பீக்கர் பொட்டி. அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. முதல்ல டப்புன்னு, அப்புறம் கோராத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. எங்க வீட்டுக்காரர் தொண்டை அப்படி. டெஸ்மண்ட் மைக்கைப் பிடிச்சா ஜோகுபாளையம் பூரா கேக்கும்பாங்க. அதான் லிமிட்டர் வெச்சதாப் பாத்து இதை வாங்கினாரு.

ஸ்வல்ப நேரம் உக்காருங்க சீனிவாசராகவன் சார். பொட்டி உங்களுக்குத்தான். உங்க காலனி கணேஷாவுக்கு எடுத்துட்டுப் போங்க. ஆனா வால்யூமைப் பாதிக்கு மேல திருப்ப மாட்டேன்னு சொல்லணும். சொன்னாத்தான் தருவேன்.

லிமிட்டரா? பால் பொங்கி வர்றப்ப அடுப்பைச் சட்டுனு குறைக்கறோமில்ல, அந்த வேலையை உள்ளேருந்து அது பண்ணும். சத்தம் ஒரு அளவைத் தாண்டினா அமுக்கிடும். ஸ்பீக்கர் கிழியாது. சத்தத்தோட முதல் துணுக்கு மட்டும், அது சுதாரிக்கறதுக்குள்ள லேசாத் தப்பிச்சு வெளிய வந்துடும். அமுக்கறப்ப இந்தச் சிவப்பு லைட்டு எரியும்.

ஆமா சார், நல்லதுதான். நான் இல்லைங்கல. எப்பவாவது மினுக்குனா நல்லது. முழுசாத் திருப்பி வெச்சீங்கன்னா லைட்டு அணையறதே இல்ல. மெல்லப் பேசினாலும் அந்த அளவுங்கற கூரையில போய் முட்டும். கத்தினாலும் அதே கூரைதான்.

இவரு அப்படித்தான் வெச்சிருந்தாரு. ரெண்டாயிரத்து ஒண்ணுல, சர்ச் மைதானத்துல ஃபேட், வருஷா வருஷம் ஸ்டால் போட்டு நடத்தற விழா. மத்தியானம் ஹவுஸி, அந்த நம்பர் ஆட்டம். இவரு மேடையில நின்னு நம்பர் கூப்பிடறாரு, ஜனங்க குனிஞ்சு டிக்கெட்ல அடிச்சுட்டு இருக்காங்க. நடுநடுவுல மைக்லயே பொண்ணைக் கேலி வேற. ஏய் ஜூடித், அப்பாவுக்கு டீ எங்கடி, ஜூடித், எத்தனையாவது ஐஸ்கிரீம் அதுன்னு. எல்லாரும் சிரிப்பு.

அப்ப தண்ணி லாரி ரிவர்ஸ்ல அவ பக்கமா வருது. மேடையில இருந்தவருக்கு மட்டும்தான் தெரியுது. கத்தறாரு சார். கழுத்து நரம்பு புடைக்க, ஜூடித், தள்ளிப் போ, தள்ளிப் போன்னு. பொட்டியிலேருந்து வந்தது நம்பர் கூப்பிட்ட அதே சத்தம். ஒருத்தரும் நிமிரல. அவளும் திரும்பல, கேலின்னே நெனச்சிருப்பா. நான் பஃப்ஸ் ஸ்டால்ல இருந்தேன். ஜூடித்ல அந்த முதல் ஜூ மட்டும் ஒரு பொட்டு பெருசா வந்துச்சு. அதுலதான் நிமிர்ந்தேன்.

இவரா? உள்ள ரூம்லதான் இருக்காரு. எதுனா சொன்னா, நான் வாய்கிட்டப் போய்க் காதை வெக்கணும்.

தூக்குங்க சார், கனமில்ல. பாதிதான், மறந்துடாதீங்க. கணேஷாவைக் கரைக்கறப்ப ஏரிக்கரையில குழந்தைங்க நிக்கும். கத்தறதுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைங்க.

பொண்ணா? அங்கயே போயிட்டா சார். ஒம்பது வயசு.