ரோட்டைக் காத்த பட்டாளம்

ஓடுகிறேன். வயல். முழங்கால் வரை சேறு. இடது காதில் ஒரே விசில். வலது காதில் யாரோ அம்மாவைக் கூப்பிடுகிறான். இந்தியில் கூப்பிடுகிறான். திரும்பிப் பார்க்கவில்லை. மணி காலை ஏழு இருபது. கடிகாரம் ஓடுகிறது. அதைக் கட்டியிருந்த கையில் இரண்டு விரல் இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

வெடிக்கு முன்னால் ஒரு குரல் வந்தது.

"தம்பி! ரோட்டால போகாதேங்கோ! வயலுக்குள்ள குதியுங்கோ! ஓடுங்கோ!"

பதினோரு பேர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். நாலு பேர், ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் போகும் மதகின் மேல் ஏறிவிட்டார்கள். குரலுக்கும் வெடிக்கும் நடுவே மூன்று மூச்சு இருக்கும். நானும் "குதிங்கடா!" என்று இந்தியில் கத்தினேன். ஏழு பேர் குதித்தோம். பிறகு வயிற்றுக்குள் அடித்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின்னால் மண் மழை. கல் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இடது காது அத்தோடு சரி.

நான் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்தான். அப்பா நெல்லும் கடலையும் போட்டவர். எனக்கு நிலத்தில் நிற்கப் பொறுமை இல்லை. பட்டாளத்துக்குப் போனேன். பதினாலு வருஷம். எண்பத்தேழில் எங்களை இலங்கைக்கு அனுப்பினார்கள். எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் தங்கவேலுவும்தான். தங்கவேலு சேலத்துப் பையன். ஓயாமல் பாடுவான். மதகின் மேல் நின்ற நாலு பேரில் அவனும் ஒருவன்.

எங்கள் வேலை ரோட்டைத் திறப்பது. காலை ஆறு மணிக்கு முகாமிலிருந்து கிளம்புவோம். நாலு கிலோமீட்டர். ஒவ்வொரு மதகையும் குனிந்து பார்ப்போம். கண்ணிவெடி புதைத்திருக்கிறதா என்று கம்பியால் மண்ணைக் குத்துவோம். நாங்கள் போய்ச் சேர்ந்தால்தான் லாரி வரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரோட்டை விட்டுவிட்டு முகாமுக்குத் திரும்புவோம். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் அதே ரோடு, அதே மதகு. அந்த ஊர்ச் சேவலுக்குக்கூட எங்கள் நேரம் தெரியும்.

பாதி வழியில், அந்த வெடித்த மதகுக்கு இந்தப் பக்கம், செல்லையா என்பவரின் வீடு. பனைமட்டை வேலி. உள்ளே கிணறு, வெங்காயப் பாத்தி, ஒரு மாடு. முதல் நாள் அவரை விசாரிக்கச் சொன்னார் கேப்டன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றால் முதலில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்போம். குடிக்காமல் கேள்வி கேட்பவன் ஜப்தி பண்ண வந்தவன். நான் அந்தப் பழக்கத்தில் கேட்டேன்.

"அண்ணே, இம்புட்டுத் தண்ணி குடுங்கண்ணே."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு கிணற்றில் இறைத்து, வேலிக்கு மேலே செம்பை நீட்டினார். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். இரண்டு மாதத்துக்கு மேல், தினமும். கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். நோட்டில் 'நட்பான வீடு' என்று எழுதிக்கொண்டார். எனக்கும் பெருமைதான். தமிழன் என்பதால் ஊரை வளைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மடையன்.

ஒரு முறை கேப்டனிடம் கேட்டேன். ராத்திரியும் இந்த ஊரில் பத்துப் பேர் தங்கினால் என்ன? அவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினார். புள்ளி புள்ளியாக ஊர்கள். ஊருக்குப் பத்துப் பேரை விட்டால் ரோட்டுக்கு ஆள் இல்லை. ரோட்டுக்கு ஆள் இல்லாவிட்டால் அந்தப் பத்துப் பேருக்குச் சோறு இல்லை. வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பேச்சு முடிந்தது.

வெடித்த அன்று காலை செல்லையா வேலியோரம் செம்பில்லாமல் நின்றார். கத்தினார். ஊருக்கே கேட்டது.

லாரி வந்தது. செத்தவர்களையும் எங்களையும் ஒன்றாகத்தான் ஏற்றினார்கள். நான் லாரியிலிருந்து பார்க்கிறேன். செல்லையா அதே இடத்தில் நிற்கிறார். "அண்ணே, ஏறுங்கண்ணே!" என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. லாரி கிளம்பிவிட்டது. அவர் கையைக்கூட அசைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர் வேலை. உட்கார முடியவில்லை. பஸ் வருவதற்குள் பத்துத் தடவை எழுந்து நடப்பேன். ரோட்டில் புதிதாக மண் போட்டிருந்தால் சுற்றிப் போவேன். பக்கத்தில் கல்குவாரி. மத்தியானம் வெடி வைப்பார்கள். வெடிக்கு முன் ஒருவன் விசில் ஊதி, "விலகு! விலகு!" என்று கத்துவான். அதற்கு அவனுக்குச் சம்பளம் உண்டு. ஒவ்வொரு நாளும் அந்த விசிலுக்கு நான் பெஞ்சுக்கு அடியில் கிடப்பேன். ஜனம் சிரிக்கும். சிரிக்கட்டும்.

என் மச்சினன் மகாலிங்கம் அங்கே டீக்கடை வைத்திருந்தான். அவன்தான் வாரம் ஒரு முறை கேட்பான்.

"ஏன் மாப்ள, எம்புட்டுப் பெரிய பட்டாளம். டாங்கி இருக்கு, ஏரோப்ளேன் இருக்கு. நாலு பயலுகள அடக்க முடியலயாக்கும்?"

ஒரு நாள் ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன். பெரிய பட்டாளத்துக்குப் பெரிய சோற்றுச் சட்டி. சட்டிக்கு அரிசி லாரியில் வரணும். லாரிக்கு ரோடு வேணும். ரோட்டுக்குக் காவல் வேணும். காவலுக்கே பாதிப் பட்டாளம் போச்சு. நாங்க எங்க சோத்தக் காத்துக்கிட்டு இருந்தோம்டா, போதுமா என்றேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, அப்ப அந்தப் பயலுகளுக்குச் சோறு எங்கிட்டிருந்து வந்துச்சு என்றான்.

எண்பத்தொன்பதில் ஆனையூரில் அகதிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். செல்லையா உயிரோடு இருக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை தோறும் டவுன் பஸ் ஏறிப் போனேன். ஊர் பெயரைச் சொல்லி வரிசை வரிசையாக விசாரித்தேன். மூன்றாவது ஞாயிறு, குழாயடியில் குடத்தோடு நின்ற ஓர் அம்மா என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி கேக்கிற தம்பி" என்றார்.

அவர் பூமணி. செல்லையாவின் மனைவி. கழுத்தில் தாலி இல்லை. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். அழாமல் சொன்னார்.

"அண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு இயக்கப் பெடியள் வந்தவங்கள். நீங்கள் அஞ்சுக்கே போயிட்டியள். ஏன் கத்தினனி எண்டு கேட்டவங்கள். தண்ணி குடிச்ச பிள்ளையள் எண்டு இவர் சொன்னவர். அவ்வளவுதான். வேலியடியில வச்சுச் சுட்டவங்கள். எடுக்கக் கூடாதெண்டும் சொன்னவங்கள்."

குடம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"முதல் நாளே எனக்குச் சொன்னவர், இந்தத் தண்ணி எங்களைத் தின்னும் எண்டு. பிறகேன் குடுத்தனியள் எண்டு கேட்டன். கேட்டவனுக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமே எண்டார். தம்பி, எங்கட மூத்தவனும் அவங்களோடதான் இருந்தவன். இரவில எங்கட சோறு அவங்களுக்கு. காலமை எங்கட தண்ணி உங்களுக்கு. ரெண்டு பேரும் எங்கட முற்றத்தாலதான் போனனியள். உங்களில ஆரும் எங்களைக் கேட்டனியளே?"

கேட்கவில்லை. மதகைக் கேட்டோம். ரோட்டைக் கேட்டோம். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் கேட்டதில்லை.

மூத்தவனும் அந்த வருஷம் தை மாதம் செத்துப்போனானாம். எந்தப் பக்கத்துக் குண்டு என்று தெரியாதாம். அவர் எனக்குக் குடிக்க எதுவும் தரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு ஆனையூரிலிருந்து பஸ் ஏறவில்லை. நடந்தேன். ரோட்டின் ஓரமாகவே நடந்தேன். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

எங்கள் காகிதத்தில் இறந்தவர்கள் நால்வர். நான் ஆறு என்று எழுதுகிறேன். தங்கவேலு, இருபத்து மூன்று வயது. ஹவில்தார் பிரேம் சிங். ஜோசப், கல்யாணம் முடிந்து நாற்பதே நாள். கதம், அவன் எப்போதும் முன்னால்தான் போவான். செல்லையா, வெங்காயம் போட்டவர். செல்லையாவின் மூத்த மகன், பத்தொன்பது வயது. பெயரைச் சொல்ல பூமணி அக்கா மறுத்துவிட்டார்.

ஒரு வீடு. ஒரு கிணறு. ஒரு மாடு, அதை அவிழ்த்துவிட்டு வந்தாராம். என் இடது காது, இரண்டு விரல்.

ரோட்டை மட்டும் நாங்கள் இழக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் மதகில் மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேறு பதினோரு பேர் கிளம்பி வந்து அதைத் திறந்தார்கள். செல்லையா அப்போதும் வேலியடியில்தான் கிடந்தாராம். அவர்கள் அவரைச் சுற்றி நடந்து, மதகுக்குப் போனார்கள்.