நாலாவது வீல்

ஹலோ... ஆமா சார், பெயிண்ட் பட்டறைதான். அவரு மகதான் பேசுறேன்... அப்பா எப்படிப் பேசுவாரு? வண்டி இன்னைக்குத் தர முடியாதுன்னதுக்கு உங்க டிரைவர் வீல் ஸ்பேனரால வாயிலயே போட்டுட்டான். உதடு கிழிஞ்சு தொங்குது. தம்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கான்... டமடமன்னு கேக்குதா? அது உங்க டிரைவர்தான். நான் உள்ள பூட்டிக்கிட்டேன், ஷட்டரை உதைக்கிறான்.

தகரம் நெளிந்து உள்ளே பிதுங்கியது. தரையில் அப்பாவின் ரத்தம் இன்னும் உறையவில்லை. பெரிய சுத்தியலை அவள் காலருகே இழுத்து வைத்துக்கொண்டாள்.

சரி சார்... சரி சரி... உங்க தாத்தா காலத்து வண்டி, ஒத்துக்கிறேன். வித்தாச்சு, பழைய பெயிண்டை உரிச்சுப் புதுசா அடிங்கன்னு சொன்னீங்க. மூணு வீல் முடிஞ்சு முகம் பார்க்கிற மாதிரி மின்னுது. நாலாவதுல மணல் அடிச்சதும் உள்ள அடைச்சு வச்சிருந்த பட்டி பொலபொலன்னு உதிர்ந்துச்சு. போல்ட் ஓட்டையைச் சுத்தி விரிசல்... முடி அளவா? என் நகமே உள்ள போகுது! இருங்க, கத்தாம காதைத் தீட்டிக் கேளுங்க.

கீழே கிடந்த ஸ்பேனரால் ஒவ்வொரு வீலாகத் தட்டினாள். மூன்று வீல்கள் மணிபோல ஒலித்தன. நாலாவது, உடைந்த பானை மாதிரி 'டொக்' என்றது.

கேட்டுச்சா?... என்னது, தெரியுமா? அப்ப பட்டி வச்சு மூடுனதே நீங்கதானா?... ஆமா, படிச்ச திமிருதான். எங்க வம்சத்துலயே காலேஜ் வாசலை மிதிச்சவ நான் ஒருத்திதான், அந்தத் திமிரு இல்லாமலா? வண்டியை வாங்கினவர்கிட்ட யாரு ஓட்டிட்டுப் போறது?... இதே டிரைவரா? மலை இறங்கியா?

ஸ்பீக்கரைப் போட்டாள். ஷட்டர் நெளிந்த இடுக்கில் போனை வைத்தாள்.

விரிசலை அவன்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?... ஏன் சொல்லல?... சொன்னா ஓட்ட மாட்டானா! வீல் கழண்டா?... ஓ. அவன் போனா இன்னொருத்தனா?

உதை நின்றது.

சார், ஸ்பீக்கர்ல இருக்கீங்க... யோவ் டிரைவர், கேட்டியா? எங்கப்பன் வாயை உடைச்சதுக்கு உன்னைச் சும்மா விட மாட்டேன், அது தனிக் கணக்கு. முதல்ல இதைப் பாரு.

போனை எடுத்து, ஷட்டரைப் பாதி தூக்கி, வாசல் தரையில் வைத்தாள்; பக்கத்திலேயே வீலை உருட்டிக் கவிழ்த்தாள். சுத்தியலால் ஓங்கி அடித்தாள். விரிசல் வாய் பிளந்தது. அவன் நீட்டிய கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டு, ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் அடி என்னுது சார்... இது அவன் அடிக்கிறது... இதுவும்... ரெண்டாப் போச்சு சார் உங்க வீலு!... போலீஸா? கூப்பிடுங்க, ரெண்டு துண்டும் பத்திரமா இருக்கும்... அவனை என்னன்னு திட்டுனீங்க? சார், அவன் அம்மாவை இழுக்காதீங்க, கேட்டுக்கிட்டு நிக்கிறான்... சொல்லாதீங்கன்னா... யோவ், சுத்தியலை எங்க ஓங்குற? அய்யோ, அது என் போனுய்...