ஊற்றுக்குப் பொறுப்பானவன்

டீ நன்றாக இருந்தது, சார். தூள்தான் கொஞ்சம் மட்டம். தேயிலை விளைகிற மலையில் போலீஸ்காரர்களுக்குக் கழிவுத் தூள் வாய்ப்பது என்ன நியாயமோ.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் பரமசிவன். கட்டபெட்டுக்கு மேலே எங்கள் ஊர். ஊருக்கே ஒரு ஊற்று, ஒரு தொட்டி. தொட்டி வால்வின் சாவி பல வருடங்கள் என் இடுப்பில் இருந்தது. தண்ணீர்க் கமிட்டித் தலைவர் என்று பெயர். கமிட்டியில் வேறு ஆட்களும் உண்டு; போண்டா போட்டால் வருவார்கள்.

பெரிய பதவி ஒன்றும் இல்லை. ஆனால் நான் தெருவில் இறங்கினால் யாராவது ஒருவர், "ஏனுங்க தலைவரே, இன்னிக்குத் தண்ணி எப்பங்க?" என்று கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் மலையைப் பார்ப்பேன், மேகத்தைப் பார்ப்பேன், யோசித்துவிட்டு, "பாக்கலாம்" என்பேன். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. என் மனைவி சுஜாதா இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்றுகூடக் கேட்கமாட்டாள். போதும் என்று அவளே முடிவு செய்து பாத்திரத்தை எடுத்துவிடுவாள்.

போன கோடையில் ஊற்று சுருங்கியது. மேல் வரிசைக்குத் தண்ணீர் வந்தது, கீழ் வரிசைக்கு வரவில்லை. என் வீடு மேல் வரிசை, அது தற்செயல். ஊர்க்கூட்டம் போட்டார்கள். கீழ் வரிசை மருமகள் ஸ்டெபி, துணிக்கடையில் வேலை செய்கிற பெண், எழுந்தாள்.

"ஏனுங்கண்ணா, சாவி ஊடு ஊடாச் சுத்தட்டுமுங்களே. ஆளுக்கு ஒரு வாரம். வால்வத் தொறக்கறது, தொட்டிக்கு மருந்து போடறது எல்லாம் அவிங்களே பாத்துக்கட்டும். உங்களுக்கும் ரெஸ்ட்டுங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

அதன் பிறகு ஊரில் ஒரு சண்டை இல்லை. கீழ் வரிசைக்கும் தண்ணீர் போனது. எல்லோரும் சேர்ந்து ஊற்றைச் சுற்றிப் புதர் வெட்டினார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு. என் காலத்தில் யாரும் பாடியதில்லை. என்னை யாரும் எதுவும் கேட்காததால் ஒருநாள் நானே, அந்த வாரம் சாவி வைத்திருந்த முனியசாமியிடம் போய், "இன்னிக்குத் தண்ணி எப்பங்க?" என்று கேட்டேன். "அஞ்சு மணிக்குங்க" என்றார். மலையைப் பார்க்கக்கூட இல்லை.

ஊற்றுக்கு மேலே, இலை பறிக்க வருகிறவர்களுக்காகக் கட்டிய கக்கூஸ் இருக்கிறது. அதன் கழிவு ஊற்றைத் தொடாமல் சுற்றிப் போக முன்பு நான்தான் வாய்க்கால் வெட்டவைத்தேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. ஐப்பசி மழையில், ஸ்டெபியின் முறை வந்த வாரம், மண்வெட்டியோடு போய் அந்த வாய்க்காலை ஓரிடத்தில் உடைத்தேன். ஊற்றின் பக்கமாக.

யாரையும் கொல்ல நினைக்கவில்லை. தண்ணீர் நாறும், நாலு பேர் மூக்கைப் பிடிப்பார்கள், அவள் விழிப்பாள், என்னைக் கூப்பிடுவார்கள். இவ்வளவுதான் திட்டம். ஆனால் அத்தனை மழைத் தண்ணீரில் நாற்றமே தெரியவில்லை. குழாயில் தெளிவாக வந்தது. எல்லோரும் குடித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நாளைக்கு நாறும் என்று அப்படியே விட்டுவைத்தேன். அவள் வாரம் முடிந்ததும் போய் அடைத்துவிட்டேன். அடுத்த முறை முனியசாமியுடையது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அடைத்த இடம் புது மண்ணாகத் தெரிந்தது என்றீர்கள். என் வேலை எப்போதுமே அரைகுறை.

என் மகள் ஜீவிதா அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள். "கொதிக்க வெச்சுக் குடு, பச்சத் தண்ணி வேண்டாம்" என்று சுஜாதாவிடம் சொன்னது உண்மைதான். நான் சொன்ன ஒன்றை அவள் ஞாபகம் வைத்திருந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கே ஆச்சரியம்.

ஒரு மாதம் கழித்து, வீடு வீடாகக் கண்கள் மஞ்சளாயின. பெரும்பாலும் தேறிவிட்டார்கள். கீழ் வரிசை சில்வஸ்டரின் மகள் ஜெபிஷாவும் பிரசவத்துக்குத்தான் வந்திருந்தாள். அந்தக் காமாலை கர்ப்பிணிகளுக்கு ரொம்பக் கெடுதலாம். குன்னூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும்போது, வண்டி பர்லியார் தாண்டுவதற்குள் இறந்துவிட்டாள். வயிற்றில் இருந்ததும்.

ஒரு மாதத்துக்கு முந்தைய தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். அது ஸ்டெபியின் வாரம். அவள் மருந்து போடவில்லை என்று ஊரே சொன்னது. போட்டாள், நான் பார்த்தேன். "போட்டனுங்க, சத்தியமாப் போட்டனுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று அழுதாள். என் வாசலிலும்தான். அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்கு இல்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்றேன். சில்வஸ்டர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நீங்க பொறுப்புல இருந்திருந்தா எம் புள்ள பொழச்சிருக்குமுங்க."

சாவில் சந்தோஷப்படுகிறவன் அல்ல நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மழை குடைகளின்மேல் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்களுக்கு அவர் சொன்னது கேட்டிருக்காது. காதில் விழாதவன் போல, "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் இன்னொரு முறை, சத்தமாகவே சொன்னார்.