நாலாவது சரணம்

ஜம்புலிங்கம்: …முந்நூத்தி அறுபத்தஞ்சு படி ஏறுனா முருகனாவது தெரிவாரு. உன் டுட்டோரியல் மாடி ஏறுனா உன் மூஞ்சிதான் தெரியுது, வாத்தியாரே.

பஞ்சாட்சரம்: உக்காருங்க மொதலாளி. ஜவுளிக் கடைய விட்டுட்டு இந்த வெயில்ல… உங்க பொண்ணு வசந்தி மார்க் விஷயமா?

ஜம்புலிங்கம்: மார்க்க வுடு. உங்கிட்ட படிச்சு காலேஜ்ல பிரெஞ்சுல முதலாவதா வந்துட்டா. இப்ப அந்த பிரெஞ்சே வீடு தேடி வந்துகினு இருக்குது. இந்தா, பாரு.

பஞ்சாட்சரம்: இது… இது எங்கேந்து…

ஜம்புலிங்கம்: புதுச்சேரி மாப்பிள்ளை. சுந்தரமூர்த்தின்னு பேரு. வசந்திக்குப் பாட்டு எழுதி அனுப்பியிருக்கான். வெள்ளிக்கிழமை நிச்சயம் பண்ணத் தட்டோட வரானுங்க.

பஞ்சாட்சரம்: அவரு… அவரே எழுதினாராமா? டைப் அடிச்சிருக்குதே…

ஜம்புலிங்கம்: பின்ன நீயா எழுதின? கையெழுத்தக் காட்ட வெக்கம் போல. இன்னா, அதுக்குள்ள மடிச்சுக் குடுத்துட்ட? துணிய விரிச்சுப் பாக்காம வெலை சொல்றவன நான் பாத்ததில்ல.

பஞ்சாட்சரம்: ஒரு பார்வை போதுங்க.

ஜம்புலிங்கம்: ஆங், அப்ப சொல்லு. திருத்தணியில பிரெஞ்சு தெரிஞ்சவன் நீ ஒருத்தன். உன் சொல்ல வச்சுதான் வெள்ளிக்கிழமை பதில். சரக்கு எப்படி?

பஞ்சாட்சரம்: சுமார்.

ஜம்புலிங்கம்: எழுதினவன் காதுல விழவா போவுது? தைரியமா சொல்லு.

பஞ்சாட்சரம்: வரிக்குப் பன்னெண்டு அசை. ஆறுல ஒரு நிறுத்தம். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, இதுல இன்னா பெருசா…

ஜம்புலிங்கம்: பன்னெண்டு கை சாமி ஊருக்கு ஏத்த கணக்குதான். அப்புறம்?

பஞ்சாட்சரம்: சரணத்துக் கடைசில மட்டும் ஒரு குட்டி வரி. நாலு அசை. ‘ஜ நோஸ் பா.’

ஜம்புலிங்கம்: மூணுதானே ஆச்சு? விரல் வச்சுகினு எண்ணினேன்.

பஞ்சாட்சரம்: நடுவுல ஒண்ண பேச்சுல முழுங்கிடுவாங்க. பாட்டுல மட்டும் கணக்குல வரும்.

ஜம்புலிங்கம்: எங்க கடை கெஜக்கோல் மாதிரி சொல்லு. பாக்க ஒண்ணு, அளக்க ஒண்ணு. எதுகை மோனை உண்டா?

பஞ்சாட்சரம்: நாம எதுகைய வரிக்குத் தலையில வைப்போம், அவங்க வால்ல வைப்பாங்க. ஒண்ணாவது வரிக்கு மூணாவது, ரெண்டாவதுக்கு நாலாவது.

ஜம்புலிங்கம்: புடவைக் கரை மாதிரி. சாயம் நிக்குதா?

பஞ்சாட்சரம்: ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் போவுது. அவசரத்துல எழுதினது.

ஜம்புலிங்கம்: அவசரம்னு உனக்கெப்படித் தெரியும்?

பஞ்சாட்சரம்: …படிச்சா தெரியுமே.

ஜம்புலிங்கம்: அந்தக் குட்டி வரிக்கு இன்னா அர்த்தம்?

பஞ்சாட்சரம்: ‘கேக்கத் துணிவில்ல.’

ஜம்புலிங்கம்: நல்லாருக்குது போ! எனக்கு எழுத்து புரியாது, புடவைல புட்டா எண்ணத் தெரியும். அதே வரிதான் திரும்பத் திரும்ப வருது. ஒரே புடவைய மடிச்சு மடிச்சுக் காட்டி ஒரு பீரோ சரக்குன்னு விக்கிறான். தட்டு தூக்கிகினு வர்றவனுக்குக் கேக்கத் துணிவில்லையாம்! கோழைப் பய பாட்டு. கிழிச்சு…

பஞ்சாட்சரம்: கிழிக்காதீங்க!

ஜம்புலிங்கம்: சுமார்தானே? போனா போவுது.

பஞ்சாட்சரம்: அது பல்லவிங்க! வரி அதேதான், கனம் ஏறிக்கினே போவும். முதல் தரம் வெக்கம். ரெண்டாவது பயம். மூணாவது தவிப்பு. நாலாவது தரம் பாருங்க, அந்த ‘இல்ல’ உதிர்ந்துடும். ‘துணிஞ்சேன்’னு முடியும். அந்த ஒரு வார்த்தைக்காக எழுதினவன் ரெண்டு மாசம் சோறு தண்ணி இல்லாம…

ஜம்புலிங்கம்: ரெண்டு மாசமா?

பஞ்சாட்சரம்: இருக்கும்னு… சொல்றேன்.

ஜம்புலிங்கம்: சரி. அந்த நாலாவது சரணத்தக் காட்டு.

பஞ்சாட்சரம்: இதோ… இங்க… பின்பக்கம்…

ஜம்புலிங்கம்: பின்பக்கம் வெறும் தாள். எண்ணிப் பாரு. மூணுதான் இருக்குது.

பஞ்சாட்சரம்: ஒண்ணு… ரெண்டு… மூணு…

ஜம்புலிங்கம்: முப்பது வருஷமா பாக்கறேன் வாத்தியாரே. வேணாதவன் பேசாம அடுத்த கடைக்குப் போயிடுவான். சாயம் போவுது, சுமார்னு நொட்டை சொல்லிகினு நிக்கிறான் பாரு, அவன்தான் வாங்க வந்தவன்.

பஞ்சாட்சரம்: மொதலாளி… நான்… பேரு போடாமதான் அனுப்பினேன்… தப்பா ஒண்ணும்… அப்ப அந்தப் புதுச்சேரி மாப்பிள்ளை?

ஜம்புலிங்கம்: எந்த மாப்பிள்ளை? வெள்ளிக்கிழமை உங்கம்மாவக் கூட்டிகினு நீ தட்டு எடுத்துகினு வா. பாக்கிச் சரணம் எங்க வீட்டுல இருக்குது.

பஞ்சாட்சரம்: கத்தரிச்சு வச்சுகினுதான் இவ்ளோ நேரம் என்ன ஆழம் பாத்தீங்களா?

ஜம்புலிங்கம்: கத்தரி புடிச்சது நானில்லப்பா. வசந்தி. ‘மூணு மட்டும் எடுத்துகினு போங்க நைனா… நாலாவது அவரு வாயாலயே வரட்டும்’னா.