சனிக்கிழமை வாங்காத இழைப்புளி

கலிஃபோர்னியாவில், மௌரி அவென்யூ இந்தியக் கடையில் சனிக்கிழமை மதியம் வரிசை நகர்வதாக இல்லை. என் கையிலிருந்த கொத்தமல்லி வாடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர், மரம் இழைக்கும் பழைய இரும்பு இழைப்புளி ஒன்றை அக்குளில் இடுக்கியபடி தன் நண்பரிடம் சொன்னார்:

“சென்னையில ஞாயித்துக்கிழமை ஆகுற வரைக்கும் இதை நான் கீழயே வைக்கலை.”

“புரியலப்பா.”

“ஒரு வீட்டுல பழைய சாமான் விக்கிற கராஜ் சேல்ல காலையில முதல் ஆளாப் போய் எடுத்துட்டேன். ஆனா சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாதே! அதான் காசு குடுக்காம, கையில பிடிச்சுக்கிட்டு வீட்டு வாசல் டிரைவ்வேயிலயே நின்னேன். இங்க பதினொன்றரை ஆனாத்தான் அங்க சனிக்கிழமை முடியும்.”

“நாளைக்குப் போய் வாங்கியிருக்கலாமே?”

“நாளைக்கு யாரு விட்டு வைப்பா? நின்னுட்டு இருக்கும்போதே ரெண்டு பேர் கேட்டாங்க. விடலையே!”

“வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?”

“பாவம், நாற்காலி போட்டு காபி குடுத்தார். கடைசியில எல்லாத்தையும் எடுத்து வைக்கிற நேரம் ஆயிடுச்சா, பாதி விலைக்கே தள்ளிவிட்டுட்டார்.”

நண்பர் சிரித்துவிட்டார். “அது சரி, சனி பகவான் கலிஃபோர்னியா டைம் பார்ப்பாரா, சென்னை டைம் பார்ப்பாரா?”

“அவர் எந்த டைம் வேணா பார்க்கட்டும். காலிங் கார்டு போட்டு ஊருக்குப் பேசினதும், ‘என்னைக்குடா வாங்கினே’ன்னு கேக்கப்போறது எங்கம்மா.”