கால் விரலில் கட்டிய சீட்டு

அவைக்கு அழகாகவும் என் பேச்சுக்கு அணையாகவும் அமர்ந்திருக்கும் தலைவர் அழகேசன் அவர்களே, அறிவில் மூத்த ஆன்றோர்களே, ஊசியைக் காட்டியே ஊரை ஒழுங்குபடுத்தும் செவிலியர் பள்ளி ஆசிரியையே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த, அணைக்க மறந்தும் வந்த அன்னையரே, செந்துறை வீரமுத்துவின் வணக்கம்.

போன சித்திரையில் நான் செத்துப்போனேன். சிரிக்காதீர்கள், சாட்சிகள் இருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் குழியில் பஸ் கவிழ்ந்தால் செவிலியர் பள்ளி மாணவிகள் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஓர் ஒத்திகை. கூத்தில் வேஷம் கட்டுபவன் என்று என்னை அழைத்தார்கள். அரசனாகவா? அமைச்சனாகவா? பிணமாக. ரத்தத்துக்குப் பதில் ஆரத்தி கரைத்த நீரை மேலே ஊற்றிப் படுக்கவைத்தார்கள். என் பங்காளி சாமிதுரைக்குக் கால் ஒடிந்த வேஷம். அவன் போட்ட கூச்சலில் குழியே குலுங்கியது.

அடிபட்டவர்களைத் தரம் பிரித்து மாணவிகள் சீட்டுக் கட்ட வேண்டும். சிவப்புச் சீட்டு என்றால் முதலில் தூக்க வேண்டும். பச்சை என்றால் காத்திருக்கலாம். கறுப்பு என்றால் கதை முடிந்தது. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்று சாமிதுரைக்குப் பச்சை கட்டினார்கள். எனக்குக் கறுப்பு, அதுவும் கால் கட்டைவிரலில். அந்த நேரம் பார்த்தா என் மனைவி கலியம்மாள் சோறு கொண்டு வர வேண்டும்? நம் பக்கத்தில் கால் விரலில் கயிறு எப்போது கட்டுவோம், தாய்மார்களே? தூக்குவாளியைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"காலையில கூட ஒன்னையத் திட்டித்தானே அனுப்புனேன், நான் பாவி" என்று கதறினாள். இருபது ஆண்டில் அவள் அதை ஒப்புக்கொண்டது அன்றுதான். அந்த இன்பத்தில் நானும் கண் திறக்கவில்லை. அது என் தவறுதான். வேடிக்கை பார்க்க வந்த பெண்களும் கூடி அழ, மாணவிகள் அத்தனை பேரும் தேற்ற ஓடினார்கள்.

ஒருத்தி ஓடவில்லை. வேப்பந்தட்டை அம்சவள்ளி.

"டீச்சர், சாமிதுரை அண்ணன் சத்தத்தயே காணுமே."

"அது பச்சை சீட்டும்மா. ஒனக்குச் சொன்ன எடத்துல நில்லு."

நின்றாளா? உச்சி வெயிலில் உண்மையாகவே மயங்கிக் கிடந்தவனை நிழலுக்கு இழுத்தாள். உடம்பெல்லாம் நனைத்தாள், முந்தானையால் விசிறினாள், ஜீப்பில் ஏற்றினாள். கால் மணி தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

அந்த அம்சவள்ளிக்குத்தான், சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்று தேர்வில் சுழியம். கத்துகிறவனிடம் காது தானாகப் போகும். கத்த முடியாதவனிடம் கண் போக வேண்டாமா? போன கண்ணுக்கா சுழியம்? கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், ஒரு குரலைக் கேட்க வேண்டும். சாமிதுரை, எங்கேடா இருக்கிறாய்?

"இங்கதாண்ணே இருக்கேன்."

கேட்டதா டீச்சரம்மா? அந்தச் சத்தத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

அடுத்த ஒத்திகைக்கும் பிணமாக வருகிறேன். சீட்டை மட்டும் கையில் கட்டுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு உயிரோடு நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.