இரண்டாயிரத்துக்குள் ஒரு நிம்மதி

பொதுமக்களின் நலன் கருதி முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் சத்தம் அடக்கும் இயர்பட்ஸ் வாங்க நினைப்பவர்கள், பெட்டியின்மேல் அச்சடித்திருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். இதைச் சொல்ல வில்லியனூர் வட்டாரத்தில் என்னைவிடத் தகுதியானவர் கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள் சார், வழக்குக்குச் சம்பந்தம் இருக்கிறது.

என் பெயர் அமல்தாஸ். ஒதியம்பட்டில் அண்ணன் சவரிராயன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. நிலம் எங்கள் இருவருக்கும் பொது. பேச்சு மட்டும் முழுக்க அவருடையது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாதா கோயில் பங்குப் பேரவையின் துணைத்தலைவர் ஆன நாளிலிருந்து அவர் வாயை மூடவில்லை, அவ்வளவுதான். நெல் விலையில் தொடங்கி வாடிகன் வரைக்கும் போய்த் திரும்புவார். குழம்பில் உப்பு குறைந்தால்கூட அதை அன்பார்ந்த சகோதர சகோதரிகளுக்கு அறிவிக்கும் தோரணையில்தான் சொல்வார். எந்த விருந்துக்குப் போனாலும், தான் இல்லையென்றால் தம்பியின் கதி என்ன என்று கேட்டுப் பேச்சை முடிப்பார். பந்தியில் இருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் அப்பளத்தைப் பார்ப்பேன்.

அடிக்கிற அண்ணனாக இருந்தால் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கலாம். பேசுகிற அண்ணனுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே கடைக்குப் போனேன்.

போவதற்கு முன் கிடைத்த மதிப்புரைகளையெல்லாம் படித்தேன். ஒன்று முப்பது டெசிபெல் அடக்கும் என்றது, இன்னொன்று ஐம்பது என்றது. டெசிபெல் என்பது கிலோவா படியா என்று யாரும் சொல்லவில்லை. மதிப்புரை எழுதுகிறவர்கள் எல்லாரும் விமானத்தில் போகிறவர்கள். ஒருவர்கூட அண்ணனோடு குடியிருப்பவர் இல்லை.

தவளக்குப்பத்தில் வாங்கிய முதல் ஜோடியில் ஒன்று, நாற்று முடியைத் தூக்கக் குனிந்தபோது சேற்றில் விழுந்து போய்ச் சேர்ந்தது. ஆன்லைனில் வரவழைத்த இரண்டாவது ஜோடிக்கு இடது பக்கம் உயிரே இல்லை. திருப்பி அனுப்பினேன். அவர்கள் அதையே துடைத்துத் திரும்ப அனுப்பினார்கள். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, அண்ணன் மகள் ஆனி மேரி மூன்றாவது ஜோடியை வாங்கித் தந்தாள். திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து தேடித் தேடித் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

"சித்தப்பா, இத மாட்டிக்கினு நிம்மதியா இரு. அப்பா பேச்சு எனக்கே தாங்கல."

மாட்டினேன். மின்விசிறிச் சத்தம் போயிற்று. போர் மோட்டார் சத்தமும் ரோட்டில் போகிற பஸ் சத்தமும் போயின. அண்ணன் குரல் மட்டும் அப்படியே நின்றது. சொல்லப்போனால் முன்னைவிடத் தெளிவாக இருந்தது, கூட்டத்தைக் கலைத்துவிட்டு அவரை மட்டும் மேடையில் விட்டுவைத்தது போல.

கஸ்டமர் கேரில் ஒரு பையன் பொறுமையாக விளக்கினான். ஒரே மாதிரி இரைந்துகொண்டே இருக்கும் சத்தத்தைத்தான் இந்தக் கருவி அடக்குமாம். மனிதக் குரல் ஏறும், இறங்கும், அதனால் பிடிபடாதாம். என் அண்ணனும் ஒரே மாதிரிதான் இரைகிறார் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஆனி மேரியின் மனம் நோகும் என்று நான் வெளியே சொல்லவில்லை. காது நிம்மதியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டேன். அதில்தான் சிக்கல் வந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று நம்பி, அண்ணன் என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒருநாள் காலை, நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னார்:

"செவுடனாட்டம் குந்திகினு துன்றான் பாரு. இவன் செத்தா குழி வெட்டறதும் என் தலையிலதான்."

அண்ணி செலின் மேரி எனக்கு இன்னோர் இட்லி வைத்தார். சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வருவதில்லை சார். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த வாரமே போர் மோட்டார் கேபிளில் ஜாயிண்ட் விட்டுப் போயிற்று. அண்ணன் போர்க் குழாயடியில் உட்கார்ந்து ஒயரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து அவர் சத்தம் கொடுத்தால் இங்கே நான் மோட்டாரைப் போட வேண்டும். இத்தனை வருடமாக எங்கள் வழக்கம் அதுதான். பக்கத்து வயலில் தங்கவேல் நடவுக்காக டிராக்டரில் சேடை ஓட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்ததை எல்லாரும் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். டிராக்டர் இரைச்சலில் தனக்கே ஒன்றும் கேட்கவில்லை, காதில் வேறு மாட்டிக்கொண்டிருந்த பாவப்பட்ட மனுஷனுக்கு எப்படிக் கேட்கும் என்று தங்கவேல் அழுதிருக்கிறான். பங்குச் சாமியார், காதை அடைக்கும் கருவி ஆன்மாவையும் அடைக்கும் என்று பிரசங்கம் வைத்தார். பங்குப் பேரவையில் விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், அண்ணன் படத்துடன். நீங்களும் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள்: "கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, விபத்துன்னு முடிச்சிக்கலாம்."

சொல்லியிருப்பேன். ஆனால் ஆனி மேரி அடக்கத்தன்று படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை. "நான் வாங்கிக் குடுத்ததுதான் அப்பாவ கொன்னுடுச்சி" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அந்தப் பெண் இப்படிக் கிடப்பதற்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்றுத்தான் ஆக வேண்டும். கஸ்டமர் கேர் ஏற்காது.

தங்கவேலின் டிராக்டர் சத்தத்தை அந்தக் கருவி சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது. அதை மாட்டாமல் நின்றிருந்தால் எனக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. அண்ணன் சொன்னார்:

"தம்பி, போடாத. கை வச்சிருக்கேன்."

அவர் வாழ்நாளில் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

ஆனி மேரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார். அவள் வாங்கித் தந்ததில் ஒரு குறையும் இல்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.